தோண்டுமுன் இடவேண்டிய வெள்ளைக் கோடு

வீதியொன்றைத் தோண்டுவதற்கு ஆட்கள் வந்து நிற்கும் காலை வேளையில், அவர்களுடைய கண்ணுக்குப் புலனாவன தார்ப் பரப்பும் நடைபாதையும் மட்டுமே. அவற்றின் கீழே குடிநீர்க் குழாயும், கழிவுநீர்க் குழாயும், மின்வடமும், தொலைபேசி வடமும், ஒளியிழை வடமும், பல நகரங்களில் எரிவாயுக் குழாயும் ஒன்றையொன்று அடுத்தும் குறுக்கிட்டும் செல்கின்றன. ஒரு கடப்பாரையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை அந்த நீளத்திற்குள்ளேயே அமைந்துள்ளன. ஆகவே, கடப்பாரையை ஓங்கும் தொழிலாளி, தன் கண்ணுக்குப் புலப்படாத ஓர் அபாயத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறான் என்று கூறுவது மிகையாகாது.

இந்தியாவில் முன்னேற்பாடின்றித் தோண்டுவதால் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் இடங்களில் ஒளியிழை வடங்கள் அறுபடுகின்றன என்றும், அதனால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு நேருகின்றது என்றும் தொலைத்தொடர்புத் துறை 2023 ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இது ஒளியிழை வடங்களைப் பற்றிய மதிப்பு மட்டுமே. உடைந்த குடிநீர்க் குழாயிற் புகும் சாக்கடை நீரால் விளையும் நோயும், மின்வடத்தைக் குத்திய தொழிலாளியின் உயிரும் இக்கணக்கில் அடங்கமாட்டா.

இத்தகைய விபத்துகளைத் தடுக்கும் முறைகள் பலவற்றுள் முதலாவதும் எளிதானதும் ஒன்று உண்டு. தோண்டப்போகும் இடத்தைத் தோண்டுவோரே முன்கூட்டி வெள்ளை நிறத்தால் தரையில் குறித்து வைத்தல் என்பதே அது. இதன் செலவு மிகச் சிறிது. ஆயினும் இதைச் செய்யாமல் விட்டால், இதற்குப் பின் செய்யப்படும் ஏற்பாடுகள் அனைத்தும் தம் பயனிற் பெரும்பகுதியை இழந்துவிடும். அது எங்ஙனம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரைக்கடியில் இருப்பவை

மின்வடங்களைப் புதைப்பதற்கான இந்தியத் தர நிர்ணய விதி 1983 ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி, தாழ்ந்த அழுத்த மின்வடங்கள் குறைந்த அளவு 75 சென்டிமீட்டர் ஆழத்திலும், 3.3 முதல் 11 கிலோ வோல்ட் வரையுள்ள வடங்கள் 90 சென்டிமீட்டர் ஆழத்திலும், 22, 33 கிலோ வோல்ட் வடங்கள் 105 சென்டிமீட்டர் ஆழத்திலும் இருத்தல் வேண்டும். சாலையைக் குறுக்கே கடக்கும் வடங்களுக்கு ஒரு மீட்டர் ஆழம் விதிக்கப்பட்டுள்ளது. வடத்தைச் சுற்றி மணற்படுகையும், அதன்மேல் செங்கல் அல்லது ஓடு போன்ற காப்பும் இடப்படுவது வழக்கம். ஊர்ப்புறங்களில் ஒளியிழை வடங்களை 1.65 மீட்டர் ஆழத்தில் இடுமாறு விதிக்கப்பட்டிருப்பினும், பாறை நிலத்திலும் பாலங்களின் அருகிலும் அவை மிகவும் மேலே அமைந்துவிடுவதுண்டு.

வீட்டுக் குடிநீர் இணைப்பிற்காக 1.2 மீட்டர் ஆழமுள்ள பள்ளம் வெட்டப்படுகின்றது என்று வைத்துக்கொள்ளலாம். மேலே கூறிய மூன்று வகை மின்வடங்களின் ஆழத்தையும் அப்பள்ளம் கடந்து செல்கின்றது. விதிப்படி புதைக்கப்பட்டிருந்தாலும் அவற்றுள் எதற்கும் பள்ளத்தினின்று பாதுகாப்பு இல்லை. விதி கூறும் ஆழம் சாலைமீது செல்லும் வண்டிகளின் பாரத்தினின்று வடத்தைக் காக்கும்; தோண்டுவோரிடமிருந்து அதனால் காக்க இயலாது.

வரைபடம் மட்டும் ஏன் போதாது?

இத்தனை வடங்களுக்கும் குழாய்களுக்கும் அவற்றின் உரிமை நிறுவனங்களிடம் வரைபடங்கள் உள்ளன; அவற்றைப் பார்த்துத் தோண்டினால் போதாதோ எனும் கேள்வி இயல்பாகவே எழும்.

வரைபடம் ஒரு காலத்தின் பதிவாகும். ‘சாலையின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி’ என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் குறிக்கப்பட்டிருந்தால், பின்னர்ச் சாலை இருபுறமும் அகலப்படுத்தப்பட்ட நிலையில் அந்த விளிம்பு இன்று சாலையின் நடுவே எங்கோ மறைந்திருக்கும். ஒரு மரத்தையோ மதிற்சுவரின் மூலையையோ அடையாளமாகக் கொண்டு அளந்திருந்தால், அம்மரம் வெட்டப்பட்டும் அம்மதில் இடிக்கப்பட்டும் இருக்கலாம். ஆழத்தின் நிலையும் இத்தகையதே. தார் மேல் தார் இட்டுச் சாலையை உயர்த்திய இடத்தில் வடம் படத்திற் காட்டியதைவிட ஆழத்தில் இருக்கும். மேட்டைச் சீவிச் சாலையைத் தாழ்த்திய இடத்திலோ, 90 சென்டிமீட்டரில் இருந்த வடம் 40 சென்டிமீட்டரில் வந்து நிற்கும்.

எனவே, குழாய் எங்கே செல்கின்றது என்பதை உரிமை நிறுவனத்தின் பணியாளர் நேரில் வந்து, கருவிகொண்டு கண்டு, தரையிலேயே குறித்துக் காட்டவேண்டியிருக்கின்றது. ஆனால் அவர் எந்த இடத்திற்கு வருவது? விண்ணப்பத்தில் ‘காந்தி சாலை, பள்ளிக்கூடத்திற்கு எதிரில்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், நூறு மீட்டர் நீளமுள்ள பகுதி முழுவதையும் அவர் ஆராயவேண்டும். அவ்வளவுக்கு நேரமில்லாமையால் தமக்குத் தோன்றிய இடத்தை மட்டும் குறித்துவிட்டுச் செல்வார். மறுநாள் தோண்டுவோர் அதற்கு எட்டு மீட்டர் அப்பால் தோண்டுவர். இருவரும் தத்தம் கடமையைச் செய்தவர்களே. எனினும் வடம் அறுபடும். இவ்விடைவெளியை நிரப்புவதே வெள்ளைக் கோட்டின் பணி.

நிறக் குறியீட்டின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த கல்வர் சிட்டிப் பகுதியில், 1976 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் வெனிஸ் பொலிவார்டு எனும் பெருஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. தோண்டும் இயந்திரம் தரைக்கடியிற் சென்ற பெட்ரோல் குழாயை உடைத்தது. அழுத்தத்தோடு பீறிட்ட பெட்ரோல் தீப்பற்றியது. 9 பேர் உயிரிழந்தனர். அக்குழாய் அவ்விடத்தில் துல்லியமாக எங்கே, எவ்வளவு ஆழத்திற் செல்கின்றது என்பதை வேலை தொடங்குமுன் எவரும் உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை.

தோண்டுவோர் முன்கூட்டி ஒரு பொது நிலையத்திற்கு அறிவிப்பதும், உரிமை நிறுவனங்கள் வந்து தரையில் வண்ணத்தால் குறிப்பதும் ஆகிய முறை இத்தகைய விபத்துகளின் பின்னரே அந்நாட்டில் வலுப்பெற்றது. 2007 ஆம் ஆண்டு முதல் இவ்வறிவிப்பிற்கென நாடு முழுவதற்கும் 811 எனும் ஒரே தொலைபேசி எண் வழங்கிவருகின்றது.

அங்குப் பொதுப்பணிச் சங்கம் வகுத்த நிறக் குறியீட்டில் சிவப்பு மின்வடத்தையும், மஞ்சள் எரிவாயு, எண்ணெய்க் குழாய்களையும், ஆரஞ்சு தொலைத்தொடர்பு வடங்களையும், நீலம் குடிநீரையும், ஊதா சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நீரையும், பச்சை கழிவுநீரையும், இளஞ்சிவப்பு தற்காலிக நில அளவைக் குறிகளையும் உணர்த்துகின்றன. இவை அனைத்தினின்றும் வேறுபட்டது வெள்ளை. மற்ற நிறங்கள் நிலத்தடியில் முன்னரே உள்ளதைக் கூறுகின்றன. வெள்ளை இனிச் செய்யப்போவதைக் கூறுகின்றது. மற்றவற்றை உரிமை நிறுவனத்தார் இடுகின்றனர். வெள்ளையைத் தோண்டுவோர் இடுகின்றனர். கலிபோர்னியாவில் முதலில் வெள்ளைக் குறி இட்டுவிட்டுப் பின்னரே நிலையத்திற்கு அறிவிக்கவேண்டும் எனச் சட்டமே வரிசையை வகுத்துள்ளது.

இந்தியப் பணியாளர் இந்நிறங்களைக் கையாளும்போது எச்சரிக்கை ஒன்று தேவை. தொழிற்சாலைக் குழாய்களுக்கான இந்திய நிறக் குறியீட்டில் தண்ணீருக்குரிய அடிப்படை நிறம் கடற்பச்சை. அமெரிக்க முறையிலோ பச்சை கழிவுநீரைக் குறிக்கும். ஆதலின் நிறத்தை மட்டும் நம்பாமல், குறியின் அருகே ‘குடிநீர்’, ‘மின் 11 கி.வோ.’ என்றாற்போல் எழுத்திலும் எழுதிவிடுவதே பிழைக்கு இடந்தராத வழி.

வெள்ளைக் குறியை இடும் முறை

நீண்ட பள்ளமாயின், அதன் இரு ஓரங்களையும் தொடர்கோடாக இடவேண்டியதில்லை. சாலையிற் போக்குவரத்திற்காக இடப்பட்ட வெள்ளைக் கோடுகளோடு அவை குழம்பிவிடக் கூடும். பள்ளத்தின் நடுக்கோட்டைச் சிறுசிறு கீற்றுகளாக இட்டு, இரு முனைகளிலும் அம்புக்குறி காட்டி, பக்கத்தில் அகலத்தை எண்ணால் எழுதினால் போதும். சதுரமான குழியாயின் நான்கு மூலைகளை மட்டும் ‘ட’ வடிவில் குறிக்கலாம். கம்பம் நடுவதற்கான துளையாயின் ஒரு வட்டமும் அதன் மையத்தில் ஒரு புள்ளியும் இடலாம். தோண்டும் துறை அல்லது ஒப்பந்தக்காரரின் பெயரையும், குறித்த தேதியையும், தோண்டப்போகும் ஆழத்தையும் அருகில் எழுதவேண்டும். ஆழத்தைக் குறிப்பிடும் வழக்கம் குறைவாகவே உள்ளது. 30 சென்டிமீட்டர் பறிப்பவருக்கும் இரண்டு மீட்டர் தோண்டுபவருக்கும் உரிமை நிறுவனம் தரவேண்டிய மறுமொழி ஒன்றாக இராது என்பதை நோக்கின் அதன் அவசியம் விளங்கும்.

கெட்டித் தரைக்கு, நீரிற் கரையும் தற்காலிக வண்ணம் ஏற்றது. மண் தரையில் சுண்ணாம்புத் தூளை இடுவது எளிது; ஆனால் ஒரு மழைக்குக் கூட அது நில்லாது. எனவே மழைக்காலத்தில் வெள்ளைத் துணி கட்டிய முளைகளையும் சேர்த்து நடுதல் நலம். முளையை ஆழமாக அடித்தல் கூடாது. ஆழமின்றிப் புதைந்துள்ள வடத்தை, அதைக் காப்பதற்காக நட்ட முளையே குத்திவிடக் கூடும்.

குறியின் அளவும் கருதத்தக்கது. 12 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமுமுள்ள பள்ளத்திற்குத் தெரு முழுவதையும் வளைத்துக் குறித்தால், அதை ஆராய வருபவரின் நேரம் வீணாவதோடு, தேவையற்ற நிறக் குறிகள் பெருகி உண்மையான அபாயமும் கண்ணுக்குத் தப்பும். மிகக் குறுகலாகக் குறித்தாலோ, மண் சரிந்து பள்ளம் அகலும்போது வேலை கோட்டிற்கு வெளியே சென்றுவிடும். சரிவிற்கும், பக்கங்களைத் தாங்கும் பலகைகளுக்கும் வேண்டிய இடத்தைச் சேர்த்துக் குறிப்பதே அளவான குறி. வேலையின் நடுவே தடம் மாற நேர்ந்தால், பழைய குறியின் பலத்தில் தொடர்தல் தகாது. புதிய இடத்தைக் குறித்து மீண்டும் அறிவித்தல் வேண்டும்.

மேற்பரப்பைப் பிளக்காமல் தரைக்கடியிற் கிடையாகத் துளையிடும் இயந்திரங்கள் இப்போது பெருவழக்காயுள்ளன. துளை தொடங்கும் குழியையும் முடியும் குழியையும் மட்டும் குறித்துவிட்டு இடைப்பட்ட தூரத்தை விட்டுவிடுவது இவ்வேலையில் காணப்படும் பெருந்தவறாகும். துளைக்கருவி இடையில் எதைத் துளைத்தாலும் மேலே நிற்பவர் அறியமாட்டார். எரிவாயுக் குழாய் இவ்வாறு ஒரு கழிவுநீர்க் குழாயின் ஊடாகச் செலுத்தப்பட்டு, நெடுங்காலம் எவரும் அறியாமல் இருந்து, பின்னர் அடைப்பை நீக்கும் கருவியால் வெட்டப்படும் அபாயம் உண்டு. ஆதலின் துளை செல்லும் வழி முழுவதும் வெள்ளைக் குறி இருத்தல் வேண்டும்.

கருவிகள் காண்பனவும் காணாதனவும்

வெள்ளைக் குறியிட்ட இடத்திற்கு வரும் பணியாளர் பெரும்பாலும் மின்காந்தத் தூண்டலைக் கொண்டே வடத்தைத் தேடுகின்றார். உலோகக் கம்பியொன்றில் மாறுதிசை மின்சாரம் செல்லும்போது அதனைச் சுற்றி மாறும் காந்தப் புலம் உண்டாகின்றது. தரைமேல் பிடிக்கப்படும் கம்பிச்சுருளில் அப்புலம் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டுகின்றது. கிடையாகப் பிடித்த சுருளில் வடத்தின் நேர்மேலே ஓசை உச்சமடையும். செங்குத்தாகப் பிடித்த சுருளில் அதே இடத்தில் ஓசை அடங்கிவிடும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் முடிவை நம்பலாம். வெவ்வேறு இடங்களைக் காட்டினால், அருகில் மற்றொரு வடம் இருந்து புலத்தைக் குலைக்கின்றது என்பதை உணரவேண்டும். சுமையோடு இயங்கும் மின்வடம் தன் 50 ஹெர்ட்ஸ் அதிர்வால் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். மின்சாரம் ஓடாத வடத்திலும் உலோகக் குழாயிலும் பணியாளர் வேறொரு அதிர்வெண்ணைத் தாமே செலுத்தித் தேடவேண்டும்.

பிளாஸ்டிக் குழாயும் உலோகப் பகுதியற்ற ஒளியிழை வடமும் இக்கருவிக்குப் புலப்படா. அவற்றோடு தேடுகம்பி ஒன்றையும் சேர்த்துப் புதைத்திருந்தால் மட்டுமே அகப்படும். அவ்வாறில்லாத இடத்தில் நில ஊடுருவு ராடார் பயன்படுகின்றது. அது செலுத்தும் ரேடியோ அலை, மண்ணின் தன்மை மாறும் இடத்தில் எதிரொளித்துத் திரும்புகின்றது. திரும்பும் காலத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படுகின்றது. காற்றில் ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் செல்லும் அந்த அலை, உலர்ந்த மணலில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரும், நீர் நிறைந்த மண்ணில் சுமார் 6 சென்டிமீட்டருமே செல்லும். ஆதலால் மண்ணின் ஈரத்தைத் தவறாக மதிப்பிட்டால் ஆழமும் தவறும். களிமண் இவ்வலையை விழுங்கிவிடும் இயல்புடையது. இராஜஸ்தானத்தின் உலர்ந்த மணலில் தெளிவாகக் காட்டும் கருவி, தக்காணத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு ஏறக்குறையக் குருடாகிவிடும்.

கருவியில் ஒன்றும் தென்படவில்லை என்பதால் நிலத்தடியில் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. களப்பணியாளர் மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டிய செய்தி இது. வெள்ளைக் குறியினுள் எதுவும் இல்லை என்று கருதும் நிறுவனம், அதை எழுத்தால் உறுதிப்படுத்துதல் வேண்டும். மறுமொழி வராத மௌனத்தை அனுமதி எனக் கொள்ளல் தகாது.

குறியிட்ட பின்னர்த் தோண்டும் முறை

நிறக் குறி வடத்தின் இடத்தைத் தோராயமாகவே காட்டும். எனவே அதன் இருபுறமும் ஒரு காப்பு எல்லை கொள்ளப்படுகின்றது. அமெரிக்க மாநிலங்களில் குழாயின் வெளிவிளிம்பிலிருந்து பெரும்பாலும் 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை இவ்வெல்லை விதிக்கப்பட்டுள்ளது. அதனுள் தோண்டும் இயந்திரத்தைச் செலுத்தாமல், கைக்கருவியால் மெல்லத் தோண்டி வடத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே மேற்செல்லவேண்டும். இதற்காக வெட்டப்படும் சோதனைக் குழி, குறியின்மேல் நேராகக் குத்தித் தொடங்கப்படாமல், அதற்குச் சற்றுத் தள்ளித் தொடங்கிப் பக்கவாட்டில் அணுகப்படவேண்டும். இங்குக் கடப்பாரையையும் கூர்முனைக் குந்தாலியையும் தவிர்த்து, தட்டையான மண்வெட்டியைப் பயன்படுத்துதல் நலம்.

தோண்டும்போது மண்ணே சில எச்சரிக்கைகளைத் தரும். சுற்றிலும் செம்மண் இருக்க இடையில் ஆற்று மணல் தோன்றினால், அது வடத்தின் படுகையாக இருக்கலாம். வரிசையாக அடுக்கிய செங்கல்லோ, ஓடோ, வண்ணப் பட்டையோ தென்பட்டால், குறி இருப்பினும் இல்லாவிடினும் வேலையை நிறுத்தி ஆராய்தல் வேண்டும்.

இந்தியாவில் உள்ள ஏற்பாடு

2022 ஆம் ஆண்டிற்குரிய இந்தியத் தந்தி உள்கட்டமைப்புப் பாதுகாப்பு விதிகள், தொலைத்தொடர்பு வடங்கள் செல்லும் நிலத்தைத் தோண்டுவோர் வேலை தொடங்குமுன் பொது இணையவாயில் வழியே அறிவிக்கவேண்டும் எனும் கடமையை வகுத்தன. 2023 மார்ச் 22 ஆம் நாள், ‘தோண்டுமுன் அழைப்பீர்’ எனப் பொருள்படும் ‘கால் பிஃபோர் யூ டிக்’ எனும் கைபேசிச் செயலியைப் பிரதமர் நரேந்திர மோடி புதுதில்லியில் தொடங்கிவைத்தார். தோண்டுவோர் தம் இடத்தையும் விவரங்களையும் அதில் பதிந்தால், அப்பகுதியில் உடைமை கொண்ட நிறுவனங்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் செல்கின்றன. இரு தரப்பினரும் ஒருவரோடொருவர் நேரே பேசிக்கொள்ளவும் அதில் வழியுண்டு. 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், தொலைத்தொடர்பு வலையமைப்பிற்குச் சேதம் விளைவிப்போர்க்குத் தண்டமும் வகுக்கப்பட்டுள்ளது.

எண்ணெய், எரிவாயு நெடுங்குழாய்கள் வயல்களின் ஊடே செல்லும் இடங்களுக்கு இதனினும் பழைய சட்டம் உண்டு. 1962 ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டப்படி, குழாய் செல்லும் நிலப்பட்டையில் உரிமையாளர் முன்போலவே பயிரிட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்குக் கட்டடம் எழுப்புதலும், குளமோ கிணறோ வெட்டுதலும், மரம் நடுதலும் கூடா. கிராம ஆசிரியர்கள் இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் பெரிதும் பயன்தரும். நிலம் கை மாறியபின் புதிய உரிமையாளர் இதனை அறியாமலிருப்பதுண்டு.

செயலியில் பதிந்துவிட்டதால் வெள்ளைக் கோட்டிற்கு வேலையில்லை என எண்ணுதல் தவறாகும். கைபேசி காட்டும் இடம் திறந்த வெளியிலும் சில மீட்டர் பிசகக்கூடும். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே இன்னும் அதிகமாகப் பிசகும். வடம் சேதமடைவதற்கோ சில சென்டிமீட்டரே போதும். செயலி உரியவரை உரிய தெருவிற்கு அழைத்து வருகின்றது. கோடு அவரை உரிய இடத்தில் நிறுத்துகின்றது. குறியிட்டவுடன், நிலையான கம்பமோ சுவரோ உடன் தெரியுமாறு ஒரு நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நன்று. மழையில் குறி அழிந்தாலும், பின்னர்த் தகராறு எழுந்தாலும் அது துணைபுரியும்.

சேதம் நேர்ந்துவிட்டால்

பெல்ஜியம் நாட்டின் கிஸ்லெங்கியன் எனும் ஊரில், 2004 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் உயர் அழுத்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கட்டட வேலையின்போது இயந்திரமொன்றால் குழாயின் சுவர் முன்னரே காயம்பட்டிருந்தது. அக்காயம் எவருக்கும் அறிவிக்கப்படவில்லை. பின்னர்க் குழாயின் அழுத்தம் உயர்த்தப்பட்டபோது, நலிந்த இடம் தாங்காது பிளந்தது. இயந்திரத்தின் பல் பட்டுக் கீறல் விழுந்தது அற்பமாகத் தோன்றினும், அதை மண்ணிட்டு மூடிவிட்டுச் செல்வது பின்னொரு நாள் பிறர் உயிரைப் பறிக்கும் செயலாக முடியலாம் என்பதற்கு இதுவே சான்று.

எரிவாயுக் குழாய் சேதமுற்றால் இயந்திரத்தை நிறுத்தி, அனைவரையும் காற்று வரும் திசை நோக்கி அப்புறப்படுத்தி, பாதுகாப்பான தொலைவிற்குச் சென்ற பின்னரே கைபேசியால் நிறுவனத்திற்கும் 112 எனும் அவசர எண்ணிற்கும் அறிவிக்கவேண்டும். கசிவை மண்ணால் மூட முயலுதல் அபாயகரமானது. அடைக்கப்பட்ட வாயு மண்ணின் இடுக்குகள் வழியாகவும் சாக்கடை வழியாகவும் அருகிலுள்ள வீடுகளுக்குட் புகுந்துவிடும். எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்பட்ட நாற்றத்தை மண் உறிஞ்சிவிடக் கூடுமாதலால், நாற்றமில்லை என்பதைக் கொண்டும் ஆறுதல் அடையலாகாது. மின்வடத்தில் இயந்திரம் பட்டிருந்தால், தீப்பிடித்தாலன்றி ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. பிறர் அருகே செல்லவும் கூடாது. மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று மின்வாரியத்தார் கூறிய பின்னரே அணுகவேண்டும்.

வகுப்பறையில் விளக்கும் முறை

இதனை மாணவர்க்குக் காட்ட மிகுந்த பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு மரத்தட்டில் உலர்ந்த மணலைப் பரப்பி, காப்பிட்ட செப்புக் கம்பி ஒன்றை வடக்குத் தெற்காக அதனுள் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திற் புதைத்து, அதன் இரு முனைகளையும் வெளியே விடவேண்டும். மணலின்மேல் திசைகாட்டியை வைத்து, ஒரு டார்ச் மின்கலத்தோடு கம்பி முனைகளை ஒரு நொடி மட்டும் தொடுவித்தால் முள் விலகும். நெடுநேரம் தொடுவித்தால் கம்பியும் மின்கலமும் சூடேறுமாதலால் அதைத் தவிர்க்கவேண்டும். கம்பியை விட்டு அப்பால் நகர்த்தும்தோறும் முள்ளின் விலகல் குறைவதையும், மணலைக் கூட்டினால் மேலும் குறைவதையும் மாணவரே அளந்து எழுதலாம்.

அடுத்து, கம்பிக்குப் பதிலாக ஒரு நைலான் கயிற்றைப் புதைத்துச் சோதிக்கவேண்டும். முள் அசையாது. ஆயினும் கயிறு அங்கே இருக்கின்றது. கருவியின் மௌனத்தை நம்பலாகாது என்பது இதனால் சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவதாக, புதைத்தவன் ஒரு மாணவனாகவும் தோண்டுபவன் மற்றொரு மாணவனாகவும் இருக்கட்டும். முதன்முறை, தோண்டுபவன் எந்த இடத்தைத் தோண்டப்போகிறான் என்பதைச் சொல்லாமலே, ‘இந்தத் தட்டில் தோண்டப்போகிறேன்’ என்று மட்டும் அறிவிக்கட்டும். இரண்டாம் முறை சுண்ணக்கட்டித் தூளால் தன் இடத்தைக் குறித்துவிட்டு அறிவிக்கட்டும். புதைத்தவன் தரும் விடை முதன்முறை எவ்வளவு பொதுவாயும், இரண்டாம் முறை எவ்வளவு திட்டமாயும் அமைகின்றது என்பதை வகுப்பு முழுவதும் காணும்.

முடிவுரை

தோண்டும் வேலை பெரும்பாலும் அவசரத்திற் செய்யப்படுவது. குழாய் உடைந்து தெருவில் நீர் ஓடும்போது, கோடு இடவும் மறுமொழிக்குக் காத்திருக்கவும் நேரமேது என்று மேற்பார்வையாளர் கேட்கக்கூடும். அவசரப் பழுதுபார்ப்பிலும் கோடு இடுவதற்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. அருகிலுள்ள மின்வாரியப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க இன்னும் சில நிமிடம். முன்கூட்டித் திட்டமிட்ட வேலைகளுக்கோ இவ்வித நெருக்கடி ஏதும் இல்லை.

வேலையைத் திட்டமிடுவோர் அலுவலகத்தில் இருக்கின்றனர். வடத்தின் உரிமையாளர் வேறோர் அலுவலகத்தில் இருக்கின்றார். பள்ளத்தினுள் நிற்பவரோ நாட்கூலிக்கு வந்த தொழிலாளி. வரைபடத்தை அவர் பார்த்ததில்லை. செயலியில் வந்த செய்தியும் அவரை எட்டுவதில்லை. தரையில் இட்ட குறி ஒன்றையே அவரால் நேரிற் காண இயலும். ஆதலின், தோண்டும் இடம் வெள்ளையாலும், அதனுட் செல்லும் வடங்கள் உரிய நிறத்தாலும் எழுத்தாலும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்த பின்னரே முதல் மண்வெட்டி விழ அனுமதிப்பது, களத்தில் நிற்கும் ஒவ்வொரு பொறுப்பாளரின் கடமையாகும்.